உயரத்துக்கு ருசி உண்டா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பகுதியில் நீலகிரித் தேயிலை பற்றி எழுதியபோது, ‘உயரம் ஏற ஏற ருசியும் ஏறும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடுத்த வாரமே இலங்கை மாத்தறையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டார். “ஐயா, எங்கட பக்கத்துத் தேயிலை 600 மீட்டருக்குக் கீழ விளையிறது. அரபு நாட்டுக்காரர் அதைத்தான் தேடி வாங்கினம். அவையளுக்கு நாக்கு இல்லையோ?” என்று கேட்டிருந்தார்.

நான் பதில் போடவில்லை. உண்மையில் என்னிடம் பதில் இல்லை. அது போன மார்ச் மாதம் அர்ஜென்டினாவில், மூன்று ஒயின் கிளாஸ்களுக்கு முன்னால் உட்கார்ந்து அசடு வழிந்தபோதுதான் கிடைத்தது.

ஆமாம், இந்த வாரம் ஒயின். குடும்பத்தோடு படிக்கிற இடத்தில் இது வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எந்த பாட்டிலின் பெயரையும் பரிந்துரையாக எழுதப்போவதில்லை. இரண்டு, ஒயின் ருசி பார்ப்பவர்கள் அதை விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். அதற்கென்றே மேஜையில் ஒரு பாத்திரம் இருக்கும். என் தாத்தாவின் வெற்றிலைப் பணிக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைவிட இது கொஞ்சம் பளபளப்பு.

நான் உட்கார்ந்திருந்தது மெண்டோசா நகரத்தில் ஒரு சின்னக் கடை. ஊருக்கு மேற்கே ஆண்டிஸ் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. ஆசியாவுக்கு வெளியே உலகிலேயே உயரமான சிகரமான அகோன்காகுவா, 6,961 மீட்டர், இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. நம் ஊர் மாம்பழத்துக்குக் காத்திருக்கிற மார்ச்சில், பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிற அவர்களுக்குத் திராட்சை அறுவடை. தெருவில் போகிற லாரிகளிலெல்லாம் பழம்தான்.

இந்த ஊரின் ராஜா மால்பெக் என்கிற கறுப்புத் திராட்சை. நிறம் எப்படி என்றால் நாவல்பழம் சாப்பிட்டுவிட்டு நாக்கை நீட்டிப் பாருங்கள், அதே நிறம். ஒயின் குடித்தவர் பல்லைக் காட்டிச் சிரித்தால் மாட்டிக்கொள்வார்.

மால்பெக்குக்குச் சொந்த ஊர் அர்ஜென்டினா இல்லை. பிரான்ஸின் தென்மேற்கில், காவோர் வட்டாரத்துப் பயிர். 1853-ல் மிஷேல் பூஜே என்கிற பிரெஞ்சு விவசாய நிபுணர் மெண்டோசாவில் அரசுத் தோட்டப் பண்ணை தொடங்க வந்தபோது, மற்ற பிரெஞ்சுக் கொடிகளோடு இதையும் கொண்டுவந்தார். அப்புறம் பிரான்ஸில் வேரைத் தின்னும் பூச்சி பரவித் தோட்டங்கள் அழிந்தன. மிச்சமிருந்ததில் பெரும்பகுதியை 1956 பிப்ரவரி உறைபனி காவு வாங்கியது. பிறந்த வீட்டில் நொடித்துப்போய், புகுந்த வீட்டில் செழித்த கதை. இன்று உலகத்து மால்பெக் தோட்டங்களில் பெரும்பங்கு அர்ஜென்டினாவில்தான் இருக்கிறது.

ஆனால் அங்கேயும் ரொம்ப நாள் மதிப்பு இல்லை. உள்ளூர்க்காரர்கள் தினசரி சாப்பாட்டோடு குடிக்கிற மலிவு ஒயினாகத்தான் இருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் நிகோலாஸ் கத்தேனா. பரம்பரை ஒயின்காரர், பொருளாதாரம் படித்தவர். 1980-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகப் போனவர், அங்கே நாபா பள்ளத்தாக்கு ஒயின்களைப் பார்த்துவிட்டு, நம்மால் ஏன் முடியாது என்று திரும்பினார். அவருக்குத் தேவைப்பட்டது குளிர்ச்சி. தெற்கே போயும் குளிரைத் தேடலாம், மலையேறியும் தேடலாம். அவர் மலையேறினார்.

1992-ல் ஊகோ பள்ளத்தாக்கின் குவால்டயாரியில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் கொடி நட்டார். அங்கே பழம் பழுக்காது, உறைபனி கொன்றுவிடும் என்று அவருடைய தோட்ட நிபுணரே எச்சரித்தாராம். கொடி பிழைத்தது. தோட்டத்துக்குத் தன் இளைய மகள் அட்ரியானாவின் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் மலையேற ஆரம்பித்தார்கள். பாட்டில் லேபிளில் மீட்டர் கணக்கு அச்சாகத் தொடங்கியது.

உயரத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அதே சமயம் காற்று மெலிந்துவிடுவதால் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர் அதிகம், வெயிலும் அதிகம். ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்தும் மூக்கு கறுத்துத் திரும்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

திராட்சைக்கு ஓடி ஒளியத் தெரியாது. வெயிலுக்குத் தற்காப்பாகத் தோலைத் தடிமனாக்கிக்கொள்கிறது. தோலில்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன. மெண்டோசா ஆய்வாளர்கள் 1,400 மீட்டருக்கு மேலிருக்கும் தோட்டமொன்றில் சில மால்பெக் கொடிகளுக்கு மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் விரிப்பைக் கட்டி, மற்றவற்றை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். விரிப்பில்லாத கொடிகளின் பழத்தில்தான் நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் அதிகம்.

குளிரின் வேலை வேறு. ராத்திரி சூடாக இருந்தால் பழம் தன்னிடமிருக்கும் புளிப்பைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். ராத்திரி குளிர்ந்தால் அந்தப் புளிப்பு மிஞ்சும். சர்க்கரையும் அவசரப்படாமல் ஏறும். சர்க்கரைதான் பிறகு ஆல்கஹாலாக மாறுகிறது என்பதால், அவசரமாகப் பழுத்த பழத்தின் ஒயினில் போதை தூக்கலாகவும் புளிப்பு மந்தமாகவும் இருக்கும்.

இவ்வளவையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உயரத்து மால்பெக்கைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நான் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. மூன்று பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டுக் கழுத்து வரை சுற்றிக் கொண்டுவந்தார். மூன்றும் ஒரே வருஷத்து மால்பெக், மூன்று வெவ்வேறு உயரம். அவ்வளவுதான் சொன்னார்.

முதல் கிளாஸ். கண்ணுக்கு நாவல்பழச் சாறு. மூக்கை நுழைத்தால் நன்றாகப் பழுத்த பிளம், பின்னால் வெல்லப்பாகு காய்ச்சுகிற வீட்டு வாசனை. வாயில் மெத்தென்று இறங்கியது. துவர்ப்பு இருந்தது, ஆனால் உறுத்தவில்லை. துப்பிய பிறகு சீக்கிரமே ருசி போய்விட்டது. நல்ல பிள்ளை.

துவர்ப்பு என்கிற சொல்லுக்காக இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன். ஒயின் உலகத்தில் புதிதாக ருசி பார்க்க வருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்கப் பாடுபடுகிறார்கள். கசப்போடு குழப்பிக்கொள்வார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அறுசுவையில் ஒன்றாக வைத்து வாழைப்பூவிலும் பாக்கிலும் மாதுளம் தோலிலும் சின்ன வயதிலேயே பழகியிருக்கிறோம். எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை இழுப்பதுதான் துவர்ப்பு. கறியோடு குடித்தால் அது மென்மையாகத் தெரிவதற்கும் கறியின் புரதத்தில் பாதிக் காரணம் இருக்கிறது. மெண்டோசாக்காரர்கள் மால்பெக்கை நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சியோடு வைப்பது சும்மா இல்லை.

இரண்டாவது கிளாஸ் முதலில் முகம் கொடுக்கவில்லை. வாசனையே இல்லை. கிளாஸைச் சுழற்றி ஐந்து நிமிஷம் விட்ட பிறகு உலர்ந்த ரோஜா இதழ், அப்புறம் கற்பூரவல்லி இலையைக் கசக்கின மாதிரி ஒன்று. வாயில் வைத்ததும் இரண்டு கன்னத்திலும் நீர் ஊறியது, நெல்லிக்காய் கடித்தால் ஊறுமே அப்படி. துவர்ப்பு சுண்ணாம்புத் தூள் போல மெல்லியதாக ஈறில் படிந்தது. துப்பின பிறகும் நின்றுகொண்டே இருந்தது. எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

மூன்றாவது கிளாஸ் ஏறத்தாழக் கறுப்பு. மிளகு, காய்ந்த திராட்சை, புகையில் வாட்டிய மிளகாய். வாயில் நெருப்பு. ஆல்கஹால் தொண்டைக்கு முன்பே சுட்டது. துவர்ப்பு நாக்கை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது.

என் தீர்ப்பை நோட்டில் எழுதிக் காட்டினேன். இரண்டாவதுதான் மிக உயரம், அந்தப் புளிப்பு குளிரில்லாமல் வராது. முதலாவது நடு உயரம். மூன்றாவது சமவெளிச் சூட்டில் வெந்த பழம், ஆகவே மிகத் தாழ்வு. மதிப்பெண் பத்துக்கு முறையே 8½, 7, 6.

அவர் காகிதப் பைகளைக் கழற்றினார். முதலாவது லுஹான் டே குயோ, சுமார் 950 மீட்டர். இரண்டாவது குவால்டயாரி, 1,400. நான் வெந்த பழம் என்று தள்ளிய மூன்றாவது வடக்கே சால்டா மாகாணத்தின் கல்சாக்கி பள்ளத்தாக்கு, 2,300 மீட்டர்.

மூன்றுக்கு மூன்றும் தப்பு.

“எல்லோரும் இப்படித்தான், செனோர்” என்றார் அந்தப் பெண். ஆறுதலா, கிண்டலா என்று தெரியவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார். “சால்டா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தீர்களா?”

பார்க்கவில்லை. விஷயமே அங்கேதான் இருந்தது.

மெண்டோசா தெற்கு அட்சரேகை 33 டிகிரியை ஒட்டியிருக்கிறது. கல்சாக்கி பள்ளத்தாக்கு 25, 26 டிகிரியில் இருக்கிறது, அதாவது மெண்டோசாவைவிடப் பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் பக்கத்தில். அங்கே தரைமட்டத்தில் நல்ல ஒயின் திராட்சைக்கு வழியில்லாத அளவுக்குச் சூடு. மெண்டோசாவில் 1,400 மீட்டரில் கிடைக்கும் குளிர்ச்சிக்கு, சால்டாவில் அதைவிட எவ்வளவோ மேலே ஏற வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ஒரு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். ஊட்டி 2,240 மீட்டர், ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். ஆனால் பனி பொழிவது ஸ்ரீநகரில். ஊட்டிக்கு உறைபனி மட்டும்தான். 600 மீட்டர் கீழே இருக்கிற ஊர் அதிகம் குளிர்கிறது என்றால் மீட்டரை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்?

குளிர்ச்சி சமமாகிவிட்டாலும் வெயில் சமமாகாது. 2,300 மீட்டரில் புற ஊதாக் கதிர் கூடுதல், வானத்தில் மேகம் அபூர்வம், சூரியன் நம் ஊர் போலக் கிட்டத்தட்ட உச்சந்தலையில். அதனால்தான் மூன்றாவது கிளாஸில் அந்தக் கறுப்பும் அந்த உப்புத்தாள் துவர்ப்பும். தடித்த தோலின் வேலையை நான் அதிகம் வெந்த பழம் என்று படித்துவிட்டேன்.

இரண்டாவது கிளாஸின் சுண்ணாம்புத் தூளுக்கும் உயரம் மட்டும் காரணமில்லை. குவால்டயாரி மண்ணில் கூழாங்கற்கள் மேல் சுண்ணாம்பு படிந்திருக்கும், குழி வெட்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். அந்த வட்டாரத்து ஒயினின் துவர்ப்புக்கு அங்குள்ளவர்கள் முதலில் காட்டும் சாட்சி அந்தக் குழிதான். இதோடு பழத்தை எந்த நாள் பறித்தார்கள், ஓக் பீப்பாயில் எத்தனை மாதம் வைத்தார்கள் என்பதெல்லாம் சேர்கிறது. பத்து நாள் முன்பின் பறித்தால் ஒரே தோட்டத்துப் பழம் இரண்டு ஒயினாகிவிடும்.

இவ்வளவு இருக்க, லேபிளில் மட்டும் ஏன் மீட்டர்? கேட்டேன். “வாங்க வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்” என்றார். எண் என்றால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. சால்டாவில் கொலோமே என்ற பழைய ஒயின் பண்ணை, 1831-ல் தொடங்கியது, 3,111 மீட்டரில் கொடி வளர்க்கிறது. பெயரே ‘அதிகபட்ச உயரம்’ என்று பொருள்படும். அங்கே கொடி பிழைப்பதே பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிறகு திபெத்தில் லாசா பக்கம் 3,563 மீட்டரில் ஒரு தோட்டம் கின்னஸில் ஏறிவிட்டது. இந்தப் போட்டி எந்தச் சிகரத்தில் முடியுமோ!

எனக்கு உறுத்தியது வேறு. மெண்டோசா உண்மையில் பாலைவனம். வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை, சென்னைக்கு ஏறக்குறைய 1,400. நகரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஓரத்தில் திறந்த வாய்க்கால் ஓடுகிறது. அசேக்கியா என்கிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பே உவார்ப்பே பழங்குடிகள் மலைப்பனி உருகும் தண்ணீரை இப்படித் திருப்பி விவசாயம் செய்திருக்கிறார்கள். இன்றும் திராட்சை, மரம், மனிதர் எல்லாமே அந்தப் பனியை நம்பித்தான் இருக்கின்றன. 2010-லிருந்து பனி குறைந்த வருஷங்கள் வரிசையாக வந்தன.

பழைய தோட்டங்கள் வாய்க்கால் எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. மேலே ஏறிய புதிய தோட்டங்கள் பலவற்றுக்கு வாய்க்கால் எட்டாது. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும்தான் வழி. சொட்டுநீர் சிக்கனமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேட்டில் நிலத்தடி நீரை உறிஞ்சினால் பள்ளத்தில் இருப்பவன் என்ன செய்வான் என்று காவிரிக்கரையில் பிறந்தவனுக்குக் கேட்கத் தோன்றாதா? பூமி சூடாகச் சூடாகக் கீழே விளைச்சல் கெடுகிறது, அதனாலும் மேலே ஏறுகிறார்கள். ஒயின் கிளாஸில் அந்த நெல்லிக்காய்ப் புளிப்பு இருக்கிறதே, அதற்கு இதெல்லாமும் விலை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு சங்கதிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ‘உயரத்து ஒயினில் பாலிஃபீனால் அதிகம், இதயத்துக்கு நல்லது’ என்று எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். முதல் பாதி சரி, தோல் தடித்தால் அது கூடும். இரண்டாவது பாதியை நம்பி யாரும் ஆரம்பிக்காதீர்கள். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு மது என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பாலிஃபீனால் வேண்டுமென்றால் நாவல்பழத்தைக் கொட்டை வரை சப்பிச் சாப்பிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள், ஏற்கெனவே குடிக்கிற பழக்கமுள்ளவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குவதென்றால் மீட்டரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். 1,400 என்ற எண் குவால்டயாரியில் ஒரு பொருள், சால்டாவில் வேறு பொருள். ஆல்கஹால் சதவீதத்தையும் பாருங்கள், 13½-க்கும் 15-க்கும் வாயில் ரொம்ப தூரம். ‘ரிசர்வா’ என்று போட்டிருந்தால் அர்ஜென்டினா சட்டப்படி சிவப்பு ஒயினை ஒரு வருஷமாவது பக்குவப்படுத்தியிருக்க வேண்டும். அது உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அறைச் சூட்டில் வைத்துக் குடிக்கலாம் என்பார்களே, அது ஐரோப்பாவின் குளிர்கால அறை. சென்னை அறைச் சூட்டில் எந்த மால்பெக்கும் இருமல் மருந்துதான். 16 டிகிரிக்குக் குளிரவைத்தால் போதும்.

மறுநாள் ஊருக்குக் கிளம்புமுன் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். மிச்சமிருந்த மூன்று பாட்டிலையும் தக்கை போட்டு வைத்திருந்தார் அந்தப் பெண். கேட்காமலே மூன்றாவதை ஊற்றினார். முந்தின நாள் நெருப்பு அணைந்திருந்தது. மிளகு அப்படியே இருந்தது, துவர்ப்பு பாக்கு மென்ற அளவுக்கு இறங்கியிருந்தது, அடியில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு புளிப்பும் தலைகாட்டியது. நோட்டில் 6-ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதினேன். முதலாவது 7-லேயே இருந்தது, ஆனால் விலை மூன்றாவதில் பாதிக்கும் கீழே. சாயங்காலம் மெண்டோசா நண்பர் வீட்டு விருந்துக்கு அதைத்தான் வாங்கிக்கொண்டு போனேன். இலை காலியாகுமுன் பாட்டில் காலி.

மாத்தறை வாசகரே, உங்கள் கடிதம் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது, முகவரி இல்லை. இதைப் படித்தால் இன்னொரு கடிதம் போடுங்கள். அந்த வரியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முடிந்தால் உங்கள் பக்கத்துத் தேயிலையில் நூறு கிராமும் அனுப்புங்கள். இந்த முறை காகிதப் பையைச் சுற்றி, பெயர் சொல்லாமல்.